அவசரப்படுத்தாத மன்னிப்பு: மனக்கசப்புக்கான உளச்சிகிச்சை

மனக்கசப்பு சினத்தின் தொடர்ச்சியாகத் தோன்றினாலும் இயல்பில் அதனின்றும் வேறானது. சினம் ஒரு தீங்கு நேரும் கணத்தில் மூண்டு, சூழல் மாறியதும் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. மனக்கசப்போ, தீங்கு நிகழ்ந்து பல ஆண்டுகள் கடந்த பின்னும், தீங்கு செய்தவர் கண்ணெதிரில் இல்லாதபோதும், சில வேளைகளில் அவர் இறந்துபோன பின்னும்கூட, பாதிக்கப்பட்டவரின் நினைவில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு நீடிக்கிறது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துச் சொன்ன முன்னோடிகளுள் ஒருவர் ஜோசஃப் பட்லர் என்னும் ஆங்கிலேயச் சமய அறிஞர். 1726இல் நூலாக வெளிவந்த தம் சொற்பொழிவுகளில் அவர், திடீரென மூளும் சினம் குழந்தைகளிடமும் விலங்குகளிடமும் காணப்படுவது என்றும், தனக்கு அநீதி இழைக்கப்பட்டது என்ற தீர்ப்போடு சேர்ந்து நிலைபெறும் கசப்பே ஒழுக்க உணர்வுடைய மனிதர்க்கு உரியது என்றும் பிரித்துக் காட்டினார். அந்தக் கசப்பை அவர் வெறும் தீய குணமாக ஒதுக்கிவிடவில்லை. அநீதியை எதிர்ப்பதற்காக மனித இயல்பில் வைக்கப்பட்ட ஒரு காப்பு என்றும், அளவு மீறும்போதே அது கேடாகிறது என்றும் அவர் கருதினார்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இந்தக் கருத்து, மனக்கசப்பிலிருந்து விடுபட இன்று ஓர் உளச்சிகிச்சையாளரைத் தேடுவோர்க்கும் நேரடியாகப் பயன்படுகிறது. கசப்பைச் சுமப்பவரிடம் பெரும்பாலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கேட்டறியும் முன்பே மன்னித்துவிடும்படி அறிவுறுத்துகிற சிகிச்சை, கடந்த நாற்பது ஆண்டுகளில் இத்துறையில் நடந்த ஆய்வுகள் காட்டும் வழிக்கு மாறானது. தக்க சிகிச்சையாளரை அடையாளம் காண்பதற்கான முதன்மையான அளவுகோலும் இதிலிருந்தே பிறக்கிறது.

மன்னிப்பு நெடுங்காலம் சமயத்துக்கும் அறநூல்களுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. திருக்குறளில் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன; ஆனால் பொறுக்க முடியாதவர் எந்தப் படிகளின் வழியே பொறுமையை அடைய முடியும் என்ற கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது உளவியல்தான், அதுவும் மிகத் தாமதமாகவே. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் ராபர்ட் என்ரைட் என்னும் உளவியலாளர் 1985இல் மன்னிப்பைப் பற்றிய கருத்தரங்கு ஒன்றைத் தொடங்கினார்; 1994இல் பன்னாட்டு மன்னிப்பு நிறுவனத்தை நிறுவினார். மனநல மருத்துவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்கிப்பன்ஸுடன் இணைந்து அவர் எழுதிய சிகிச்சை நூலை 2000இல் அமெரிக்க உளவியல் சங்கம் வெளியிட்டபோது, மன்னிப்பு ஒரு சிகிச்சை முறையாக ஏறத்தாழ முழுவடிவம் பெற்றுவிட்டது.

இந்த முறையில் மன்னிப்பு என்ற சொல்லுக்குக் கறாரான வரையறை உண்டு. அநியாயமாகப் புண்படுத்தப்பட்ட ஒருவர், கசப்பு கொள்வதற்குத் தமக்கு உரிமை இருக்கிறது என்பதை உணர்ந்துகொண்டே, அந்த உரிமையைத் தாமாக முன்வந்து கைவிட்டு, தீங்கு செய்தவருக்கு அவர் தகுதி பெறாத நல்லெண்ணத்தை அளிக்க முயல்வதே மன்னிப்பு. நடந்ததை மறப்பதோ, செய்தது சரிதான் என்று ஏற்பதோ, சட்டப்படி தண்டனையை விலக்குவதோ, முறிந்த உறவை மீண்டும் ஒட்டவைப்பதோ இந்த வரையறைக்குள் வருவதில்லை. உறவு ஒட்டுவதற்கு இரு தரப்பும் வேண்டும். மன்னிப்புக்குப் பாதிக்கப்பட்டவர் ஒருவரே போதும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு நிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இந்த வேறுபாடு விளங்கும். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும் 2005இல் மத்தியச் சட்டத் திருத்தமும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கு மகன்களோடு சம உரிமை அளித்த பிறகும், “கூடப் பிறந்தவனிடமா கணக்குப் பார்ப்பாய்?” என்ற கேள்விக்கு அஞ்சி, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அதையே நினைத்துப் புழுங்கும் தங்கை ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மகள் திருமணத்துக்கு அண்ணன் தாய்மாமன் சீர் கொண்டுவரவில்லை, அண்ணன் வீட்டுப் பத்திரிகையில் தம் பெயர் இடம்பெறவில்லை என்று அடுத்தடுத்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் அந்தப் பழைய கணக்கோடு சேர்ந்துகொள்கின்றன. இவர் அண்ணனை மன்னிக்கவும் செய்யலாம், தம் பங்கைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகவும் செய்யலாம். என்ரைட்டின் வரையறைப்படி இரண்டுக்கும் இடையே முரண்பாடு இல்லை. வழக்கைத் திரும்பப் பெற்றால்தான் மன்னித்ததாகும் என்று ஊரும் உறவும் சொல்வது ஊர்வழக்கே தவிர உளவியல் அன்று.

கசப்பு நீடிப்பதன் உளவியல் அடிப்படையை ஆய்வாளர்கள் அசைபோடுதல் என்ற நிகழ்வில் காண்கின்றனர். ஒரே நிகழ்வையும் ஒரே சொல்லையும் மனம் தன் விருப்பம் இல்லாமலேயே மீண்டும் மீண்டும் எடுத்து நினைப்பதே அது. மனச்சோர்வு நீடிப்பதில் அதன் பங்கை 1991 முதல் வெளிவந்த ஆய்வுகளில் சூசன் நோலன்-ஹோக்சிமா என்னும் அமெரிக்க உளவியலாளர் விரிவாக எடுத்துரைத்தார். நினைவில் நிகழ்வது உடலிலும் நிகழ்கிறது என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தின் ஹோப் கல்லூரியில் ஷார்லட் விட்விலியட் குழுவினர் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. அதில் பங்கேற்ற 71 மாணவர்கள், தம் வாழ்வில் தமக்குத் தீங்கு செய்த ஒருவரை நினைத்துக்கொள்ளுமாறு கேட்கப்பட்டனர். புண்பட்ட நிகழ்வை மீண்டும் ஓட்டிப் பார்ப்பது, வன்மத்தைப் பற்றிக்கொண்டிருப்பது, அவரிடம் ஒத்துணர்வு கொள்வது, அவரை மன்னிப்பது என்ற நான்கு வகைக் கற்பனைகளில் அவர்கள் மாறி மாறி ஈடுபட்டபோது, புருவத்தைச் சுளிக்கும் தசையின் மின்னசைவும், வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்தும் திறனும், இதயத் துடிப்பும், இரத்த அழுத்தமும் தொடர்ந்து பதிவாயின. முதல் இரண்டு கற்பனைகளின்போது புருவம் இறுகியது, தோல் வியர்த்தது, துடிப்பும் அழுத்தமும் கூடின. கற்பனையை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொன்ன பிறகும் அந்த மாற்றங்களிற் பல உடனே அடங்கவில்லை. இந்த ஆய்வைக் கொண்டு மன்னிப்பவர்க்கு மாரடைப்பு வராது என்று எழுதும் வழக்கம் இதழ்களில் உண்டு. அது மிகை. சில நொடிக் கற்பனையில் காணப்பட்ட மாற்றத்திலிருந்து பல்லாண்டு இதயநலத்துக்குத் தாவுவதற்கு அந்த ஆய்வில் இடமில்லை.

அடக்கிவைப்பதைவிட ஆத்திரத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் கசப்பு கரைந்துவிடும் என்ற நம்பிக்கையும் சோதனையில் தேறவில்லை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், தம்மைப் புண்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தவர்களைவிட அதிகச் சினத்தோடு இருந்தனர். அவரும் சோஃபி கியார்விக்கும் சேர்ந்து 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியிட்ட பகுப்பாய்வும், உடலின் கிளர்ச்சியைத் தணிக்கும் பயிற்சிகளே சினத்தைக் குறைக்கின்றன, கூட்டும் செயல்கள் பொதுவாகக் குறைப்பதில்லை என்றே காட்டியது. அறையைப் பூட்டிக்கொண்டு தலையணையை அடிக்கச் சொல்லும் பயிற்சியையே ஒருவர் சிகிச்சை என்று முன்வைப்பாரானால், அவரை நாடுவதில் பயன் குறைவு.

என்ரைட்டின் முறை நான்கு கட்டங்களாக, இருபது படிகளாக அமைந்தது. முதல் கட்டம் வெளிக்கொணர்தல். இங்கே மன்னிப்பு என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. நடந்தது என்ன, அதை மறைக்கவோ குறைத்துச் சொல்லவோ மனம் கையாண்ட தற்காப்புகள் எவை, சினத்தின் அடியில் அவமானம் இருக்கிறதா, எவ்வளவு நேரம் அந்த நினைவிலேயே கழிகிறது, உலகம் நியாயமானது என்ற நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பவையே ஆராயப்படுகின்றன. மேலே சொன்ன தங்கை முதற்சந்திப்பில், “சொத்து எனக்குப் பெரிதில்லை, அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று தொடங்குவார். சில வாரங்களில், சொத்தும் தமக்குப் பெரிதாகவே இருந்தது, அப்படிச் சொல்லிக்கொள்வதற்குத் தாம் வெட்கப்பட்டதுதான் உண்மை என்று அவரே ஒப்புக்கொள்ளக்கூடும். இந்த ஒப்புதல் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குச் செல்வது, சீழ் எடுக்காமல் புண்ணுக்குக் கட்டுப்போடுவதற்கு ஒப்பானது.

இரண்டாம் கட்டமான முடிவெடுத்தலில், இதுவரை கையாண்ட வழிகளான பேசாமல் இருத்தல், விசேஷங்களைத் தவிர்த்தல், மற்ற உறவினரிடம் குறை சொல்லுதல் ஆகியவை தமக்கு நிம்மதி தந்தனவா என்று அவர் எண்ணிப் பார்க்கிறார். இல்லை என்று தெரிந்தால், மன்னிப்பு ஒரு வழியாக இருக்குமா என்பதை ஆராய மட்டும் இசைகிறார். இந்த இசைவின் தொடக்க வடிவம் மிக எளிமையானது. பதிலுக்குத் தீங்கு செய்வதை நிறுத்துவது, அதாவது அண்ணனைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் தூற்றிப் பேசுவதில்லை என்று உறுதிகொள்வது போன்றதே அது. மூன்றாம் கட்டம் கடினமானது, நீளமானது. தீங்கு செய்தவரை அந்தத் தீங்கோடு மட்டும் ஒட்டவைக்காமல், அவர் வளர்ந்த சூழல், அவர்மேல் இருந்த நெருக்கடி, அவருடைய பலவீனங்கள் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு முழு மனிதராகக் காண முயல்வதும், அந்தப் பார்வையிலிருந்து ஒத்துணர்வும் பரிவும் அரும்புகின்றனவா என்று காத்திருப்பதும், நேர்ந்த வலியை வேறொருவர்மேல் இறக்கிவைக்காமல் தாங்கிக்கொள்வதும் இதன் பகுதிகள். அண்ணன் அந்த ஆண்டில் கடனில் மூழ்கியிருந்தார் என்பது தங்கைக்கு முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் அதைச் சாக்காக அல்லாமல் செய்தியாக மட்டும் கேட்க அவருக்கு இப்போதுதான் இயலும். இறுதிக் கட்டத்தில், பட்ட துன்பத்துக்கு ஏதேனும் பொருள் உண்டா, தாமும் பிறரால் மன்னிக்கப்பட்ட தருணங்கள் உண்டா என்ற கேள்விகள் எழுகின்றன. இந்தக் கட்டம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை.

இம்முறையில் அளவீடும் கவனமாகச் செய்யப்படுகிறது. என்ரைட் குழுவினர் உருவாக்கிய வினாநிரலில் 60 கூற்றுகள் உள்ளன. தீங்கு செய்தவரைப் பற்றிய உணர்வு, அவரிடம் நடந்துகொள்ளும் விதம், அவரைப் பற்றிய எண்ணம் ஆகிய மூன்றையும் அவை தொடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பிடப்படுவதால் மொத்தம் 60க்கும் 360க்கும் இடையே அமையும். அந்த 60 கூற்றுகளிலும் மன்னிப்பு என்ற சொல்லே வராது. அந்தச் சொல் வந்தவுடன், நல்லவர் என்று பெயரெடுக்கும் ஆசை விடைகளைத் திரித்துவிடும் என்பதே காரணம்.

வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் எவரெட் வொர்திங்டன் வகுத்த மற்றொரு முறை சுருக்கமானது. புண்பட்டதை நினைவுகூர்தல், தீங்கு செய்தவரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்தல், பிரதிபலன் கருதாத கொடையாக மன்னிப்பை அளித்தல், அதை எழுத்திலோ சொல்லிலோ உறுதிப்படுத்தல், ஐயம் தோன்றும்போது அந்த உறுதியைப் பற்றி நிற்றல் என்பவை அதன் ஐந்து படிகள். இந்த ஆய்வில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த நிலையில், 1996 புத்தாண்டையொட்டி அவருடைய தாய் வீட்டில் புகுந்தவரால் கொல்லப்பட்டார் என்பதையும், தம் முறையைத் தம்மிடமே சோதித்துப் பார்க்க நேர்ந்தது என்பதையும் அவர் வெளிப்படையாக எழுதியுள்ளார். அவருடைய முக்கியமான பங்களிப்பு, முடிவு சார்ந்த மன்னிப்பையும் உணர்வு சார்ந்த மன்னிப்பையும் வேறுபடுத்தியது. பழிவாங்குவதில்லை என்று ஒருவர் ஒரே நாளில் முடிவெடுத்துவிடலாம். உள்ளத்தின் கசப்பு அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டு உடனே விலகிவிடாது. மன்னித்துவிட்டதாகச் சொன்ன பிறகும் பழைய நினைவு வந்து கொதிக்கச் செய்கிறதே என்று தம்மையே நொந்துகொள்வோர்க்கு, இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதே பாதி ஆறுதல்.

மன்னிப்பை அடையாமலேயே கசப்பை விட்டுவிடுதல் இயலுமா என்ற கேள்வியும் ஆராயப்பட்டுள்ளது. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ்லி கிரீன்பர்க், உணர்ச்சியை மையமாகக் கொண்ட சிகிச்சையில் காலி நாற்காலி என்ற உத்தியைப் பயன்படுத்துகிறார். எதிரே ஒரு வெற்று நாற்காலி இடப்படுகிறது; தீங்கு செய்தவர் அதில் அமர்ந்திருப்பதாகக் கொண்டு, அவரிடம் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் சிகிச்சை பெறுபவர் உரக்கச் சொல்கிறார்; பின்னர் அவரே அந்த நாற்காலிக்கு மாறி அமர்ந்து, எதிர்த்தரப்பு என்ன விடை சொல்லும் என்பதைப் பேசிப் பார்க்கிறார். எதிர்த்தரப்பு இறந்துபோயிருந்தாலும், ஒருபோதும் வருந்தப்போவதில்லை என்றாலும் இது நடைபெறக்கூடியது. கிரீன்பர்க் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 46 பேர் பங்கேற்றனர். மன்னித்தலும் விட்டுவிடுதலும் வேறு வேறாகவே அளக்கப்பட்டன. குழுவாக அமர்ந்து மன்னிப்பைப் பற்றிப் பாடம் கேட்டவர்களைவிட, இந்தச் சிகிச்சையைத் தனியே பெற்றவர்கள் அதிக முன்னேற்றம் கண்டனர். மன்னிக்க மனமில்லை, ஆனால் இந்தச் சுமை மட்டும் போக வேண்டும் என்று வருகிறவருக்கும் சிகிச்சையில் இடமுண்டு என்பதற்கு இது ஆதாரம்.

இம்முறைகள் எந்த அளவு பயன்தருகின்றன என்பதை, நேத்தனியல் வேட் தலைமையில் 54 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்விலிருந்து அறியலாம். மொத்தம் 2,323 பேரை உள்ளடக்கிய அந்தத் தொகுப்பில், மன்னிப்பை மையமாகக் கொண்ட சிகிச்சை பெற்றோர், சிகிச்சையே பெறாதவர்களைவிட மட்டுமன்றி, வேறுவகைச் சிகிச்சை பெற்றவர்களைவிடவும் அதிகமாக மன்னிக்க முடிந்ததாகத் தெரிவித்தனர். சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, நம்பிக்கை கூடியது. எந்த ஆசிரியரின் முறை என்பதைவிட, எவ்வளவு காலம் நீடித்தது, தனியாகவா குழுவாகவா என்பவையே முடிவைத் தெளிவாகக் கணித்தன. நீண்ட சிகிச்சை குறுகியதைவிடவும், தனிச்சிகிச்சை குழுச்சிகிச்சையைவிடவும் மேலானவையாக இருந்தன. சிகிச்சையாளரைத் தேடுவோர்க்கு இதைவிடப் பயனுள்ள புள்ளிவிவரம் இத்துறையில் இல்லை எனலாம். வார இறுதி மன்னிப்பு முகாம்களின் விளம்பரங்களை இந்த ஒளியிலேயே படிக்க வேண்டும்.

ஆழமான காயங்களுக்கு எவ்வளவு காலம் தேவைப்படுகிறது என்பதற்குச் சூசன் ஃப்ரீட்மனும் என்ரைட்டும் 1996இல் வெளியிட்ட ஆய்வைச் சுட்டலாம். குழந்தைப் பருவத்தில் குடும்பத்தினராலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 12 பெண்கள் அதில் பங்கேற்றனர். வாரம் ஒருமுறை தனியாகச் சந்தித்த அந்தச் சிகிச்சை சராசரியாக 14 மாதங்கள் நீடித்தது. முடிவில் அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. பங்கேற்றோர் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதை மறக்கலாகாது. மறுபுறம், இலேசான உதவியும் முற்றிலும் வீணன்று. கொலம்பியா, ஹாங்காங், இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன் ஆகிய இடங்களில் 4,598 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிடப்பட்ட சோதனையில், வொர்திங்டனின் முறையில் அமைந்த பயிற்சி ஏட்டை ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் தாமாகவே நிரப்பியவர்களிடம், காத்திருப்புக் குழுவினரைவிட மன்னிப்பு கூடியும் மனச்சோர்வும் பதற்றமும் ஓரளவு குறைந்தும் காணப்பட்டன. சிகிச்சையாளர் கிடைக்காத ஊர்களில் இருப்போர்க்கு இது நல்ல செய்தி. பெருங்காயங்களுக்கு இதுவே போதும் என்று கொள்வதற்கு இல்லை.

மன்னிப்பு தீங்காகவும் முடியக்கூடும் என்பதை இத்துறையின் ஆர்வலர்கள் சற்றுக் குரல் தாழ்த்தியே பேசுகின்றனர். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மெக்னல்டி 2011இல் வெளியிட்ட ஆய்வு, புதிதாக மணந்த இணையரை முதல் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. துணையை எளிதில் மன்னிக்காதவர்கள்மேல் துணை காட்டிய வன்மொழியும் வன்செயலும் காலப்போக்கில் குறைந்தன. எளிதில் மன்னித்தவர்கள்மேல் அவை குறையாமல் நீடித்தன. தவறுக்கு விளைவே இல்லை என்றால் தவறு நிற்பதற்குக் காரணம் இல்லை என்பதே இதன் விளக்கம். கணவர்களால் மன உளைச்சலுக்கு உள்ளாக்கப்பட்ட பெண்களைப் பற்றிய கெயில் ரீட், என்ரைட் ஆகியோரின் 2006 ஆய்வில், மன்னிப்புச் சிகிச்சை பெற்ற பெண்கள் மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் ஆகியவற்றில், சினத்துக்குச் செவிசாய்த்துத் தற்துணிவுப் பயிற்சி அளிக்கப்பட்ட பெண்களைவிட நல்ல முன்னேற்றம் அடைந்தனர். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் அனைவரும் அந்தக் கணவர்களைப் பிரிந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆனவர்கள். இந்த நிபந்தனை கவனிக்கத்தக்கது. அடி விழுந்துகொண்டிருக்கும் வீட்டில் முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. பெரியவர் காலில் விழவைத்து, “நடந்ததை மறந்துவிட்டுச் சேர்ந்து வாழுங்கள்” என்று அனுப்பிவைக்கும் வீட்டுப் பஞ்சாயத்தையே வெள்ளை அறையில் அமர்ந்து நடத்தும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். படித்த பட்டம் எதுவாயினும் அவர்கள் செய்வது சிகிச்சை ஆகாது.

சிலரிடம் கசப்பே நோயின் அளவுக்கு முற்றிவிடுவதும் உண்டு. ஜெர்மனி மீண்டும் ஒன்றிணைந்த பிறகு வேலையும் மதிப்பும் இழந்தவர்களிடம் கண்ட ஒரு நிலையை, பெர்லின் மருத்துவர் மிக்கேல் லிண்டன் 2003இல் அதிர்ச்சிக்குப் பிந்தைய கசப்புக் கோளாறு என்று பெயரிட்டு விவரித்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் அது தனி நோயாக இடம்பெறவில்லை; எனினும் உறக்கம் கெட்டு, வேலை செய்ய இயலாது, வீட்டைவிட்டு வெளியே செல்லவும் பிடிக்காத அளவுக்கு ஒரே அநீதியை நினைத்திருப்பவர், மன்னிப்பைப் பற்றி எண்ணுமுன் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. கசப்பின் அடியில் மருந்துக்கு இணங்கும் மனச்சோர்வு மறைந்திருக்கக்கூடும்.

மன்னிப்புச் சிகிச்சை நிபுணர் என்று தனிப் பதிவு எதுவும் இந்தியாவில் இல்லை. எனவே அந்தப் பெயர்ப்பலகையைத் தேடுவதைவிட, முறையான பயிற்சி பெற்றவரைத் தேடி, அவருக்கு இப்பொருளில் அனுபவம் உண்டா என்று கேட்பதே சரியான வரிசை. மருத்துவப் பட்டத்துக்குப் பின் மனநலத்தில் மேற்படிப்பு முடித்து, மருந்து எழுதும் உரிமை பெற்றவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலில் உரிய பட்டம் பெற்று, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்றவர் மருத்துவ உளவியலாளர். நீண்ட உரையாடல் வழியான சிகிச்சைக்குப் பெரும்பாலும் நாடத்தக்கவர் இவரே. இவருடைய பதிவெண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். ஆலோசகர் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருப்போரிடையே தேர்ந்த பயிற்சியுடையவர்களும் சில வாரச் சான்றிதழ் பெற்றவர்களும் கலந்தே உள்ளனர். அவர்களிடம் என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயின்றார் என்று கேட்பது அவசியம். கட்டணம் கொடுக்க இயலாதவர்க்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், மாவட்ட மனநலத் திட்டமும், 1794இல் தோன்றி, இப்போது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநலக் காப்பகமும் இருக்கின்றன. அங்கே கூட்டம் மிகுதி, ஒருவருக்கு ஒதுக்கப்படும் நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆயினும் நோய் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கும், உளவியலாளரிடம் அனுப்பப்படுவதற்கும் அது நல்ல வாயில். 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

முதற்சந்திப்பில் கேட்கவேண்டியவை சிலவே. மன்னிப்பு என்பதை அவர் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார், மன்னிக்காமலே சிகிச்சையை முடிப்பது அவருக்கு உடன்பாடா, உறவினர் யாரேனும் வந்து கேட்டால் என்ன சொல்வார் என்பவை போதும். கடைசிக் கேள்வி சிறிய ஊர்களில் மிக முக்கியமானது. சிகிச்சை விவரங்களை மறைவாகக் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. பிறருக்குக் கேடு நேரும் சூழல் போன்ற சில விலக்குகளே அதற்கு உண்டு. சமய நம்பிக்கை உடையவர் தம் நம்பிக்கையின் மொழியிலேயே பேச விரும்பலாம், நம்பிக்கையற்றவர் அதை விரும்பாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் இடம் தருபவரே ஏற்றவர்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இருவருக்கும் இடையே உறவு அமையாமல் போகலாம். சிகிச்சையாளரோடு குறிக்கோளில் ஒத்துப்போதல், அதற்கான செயல்களில் ஒத்துப்போதல், இருவருக்கும் இடையிலான பிணைப்பு என்று இந்த உறவை எட்வர்ட் போர்டின் 1979இல் மூன்றாகப் பகுத்தார். 2018இல் கிறிஸ்டோஃப் ஃப்ளூகிகர் குழுவினர் 295 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சை முறை எதுவாயினும், இந்த உறவு வலுவாக அமைந்த இடங்களில் பலனும் கூடுதலாகவே இருந்தது. ஆகவே மூன்று நான்கு சந்திப்புகளுக்குப் பிறகும் தம் கதை முழுதாகக் கேட்கப்படவில்லை என்றோ, மன்னிப்பை நோக்கித் தாம் தள்ளப்படுவதாகவோ உணர்பவர், அதைச் சிகிச்சையாளரிடமே சொல்ல வேண்டும். சொல்லியும் மாறவில்லை என்றால் வேறொருவரிடம் அனுப்பிவைக்குமாறு கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நன்கு பயின்ற எந்தச் சிகிச்சையாளரும் எதிர்பார்த்திருக்கும் கோரிக்கையே அது.